யோண்டெலா செத்துப்போன வாரம்

அந்த வாரம் மழை நின்றபாடில்லை. கடலிலிருந்து ஏறி வரும் தூறல். நன்றாகப் பெய்து தொலைக்கவும் செய்யாது, விட்டுத் தொலைக்கவும் செய்யாது. அக்டோபர் முடியும்போது ம்டான்ட்சானேயில் இப்படித்தான். துணி காயாது, சுவர் ஓதம் காக்கும், காலையில் டாக்சி வேனுக்கு நிற்கும் கூட்டத்தில் ஒரு முகம்கூட தெளிவாக இருக்காது.

ஹைவே டாக்சி ஸ்டாண்டில், கூரை முடிகிற இடத்துத் தூணை ஒட்டி நொசிபெலேயின் கடை. கடை என்றால் ஒரு கேஸ் அடுப்பு, இரும்புச் சட்டி, மாவு வாளி, உட்காரக் கவிழ்த்துப் போட்ட பிளாஸ்டிக் பால் கிரேடு. அவ்வளவுதான். விடியுமுன் வந்து எண்ணெய் வைத்தால்தான் பக்கத்து நகரமான ஈஸ்ட் லண்டனுக்கு வேலைக்குப் போகிற முதல் கூட்டத்தைப் பிடிக்கலாம். அவள் எண்ணெயில் பொரித்தெடுக்கிற குவின்யா உள்ளங்கை நிறைய இருக்கும். மேலே மொறுமொறுவென்று, பிட்டால் உள்ளே பஞ்சாக ஆவி பறக்கும். கேட்டவர்களுக்கு நடுவில் பிளந்து ஈரல் வறுவல் வைத்துத் தருவாள். குளிர் நாளில் மாவு பொங்க அடம் பிடிக்கும் என்பதால் வாளியைப் போர்வையில் சுற்றித் தன் கால்மாட்டிலேயே வைத்துக்கொண்டு தூங்குவாள். கட்டினவன் போன பிறகு அந்தக் கட்டிலில் அவளுக்குத் துணை அந்த வாளிதான் என்று கொழுந்தன் போனிசிலே கேலி செய்வான்.

ஸ்டாண்டில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கட்டிக்கொண்டு வந்தவளைப் பிறந்த குலத்தின் பெயரால் அழைப்பதுதான் மரியாதை. எனவே டிரைவருக்கும் கண்டக்டருக்கும் பக்கத்தில் ஆரஞ்சு விற்கிற மாம்பெலேக்கும் அவள் மாரடெபே, ரடெபே குலத்து மகள்.

அந்த வாரம் அவளுக்கு ஒரு வசதி கூடியிருந்தது. மகள் யோண்டெலா போன முறை வீட்டுக்கு வந்தபோது பெரிய ஊதா நிறக் குடை ஒன்றைக் கொண்டுவந்து போட்டிருந்தாள். ஓரத்தில் ஏதோ பேங்கின் பெயர்.

"ஏதுடி இது?"

"யுனிவர்சிட்டில சும்மா குடுத்தாங்கம்மா."

"சும்மா யாருடி குடுக்குறா?"

"ஒரு கூட்டம் நடந்துச்சு. வந்தவங்களுக்கெல்லாம் குடுத்தாங்க."

நொசிபெலே அதற்கு மேல் கேட்கவில்லை. நல்ல கனமான குடை. தூணோடு கயிறு போட்டுக் கட்டினால் அடுப்பும் நனையவில்லை, அவளும் நனையவில்லை. மகள் மூன்றாம் வருஷம் கணக்கியல் படிக்கிறாள். அங்கே பெரிய மனுஷர்கள் வருவார்கள், கொடுப்பார்கள். அப்படித்தான் நினைத்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் அவள் போன் அடித்தது. பூஜ்யம் எட்டு ஏழில் தொடங்கும் நம்பர்.

இந்த நம்பரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ம்டான்ட்சானேயில் பாதி வீடுகளில் குழந்தைக்கு நடை வரும் முன்னே இது தெரிந்துவிடும். பூஜ்யம் எட்டு ஏழு என்றால் கடன்காரன். துணிக்கடைக் கணக்கு, மெத்தைக் கடைக் கணக்கு, போன் கணக்கு என்று எதையோ வாங்கி எதையோ கட்டாமல் விட்டவர்களைத் தேடி யாரோ ஓர் ஆபீஸில் உட்கார்ந்து கூப்பிடுகிறார்கள். நொசிபெலேயின் புருஷன் மொங்கேசி அப்படி மூன்று கணக்கு வைத்திருந்தான். மனுஷன் நல்லவன், கடைக்காரி சிரித்துப் பேசினால் கையெழுத்துப் போட்டுவிடுவான், அதுதான் கோளாறு. அவன் வேலை பார்த்த தொழிற்சாலை மூடியதும் கட்ட வழியில்லை. அப்போது போனிசிலேதான் வீட்டாருக்குப் பாடம் நடத்தினான். அவன் ஒரு கிட்டங்கியில் செக்யூரிட்டி. ஆளைத் திருப்பி அனுப்புகிற வேலை அவனுக்குப் பழக்கம். "மொதல்ல 'ஆள் இல்ல'ன்னு சொல்லு. அடுத்து 'ஜோபர்க் போயிட்டாரு, நம்பர் தெரியாது'ன்னு சொல்லு. அதுக்கும் அடங்கலேன்னா 'செத்துட்டாரு'ன்னு சொல்லிடு. செத்தவன்கிட்ட எவனும் கேக்க மாட்டான்."

கேட்டார்கள். மொங்கேசி நிஜமாகவே செத்தபோது கேட்டார்கள். மண்ணில் வைத்து முடித்து அவள் கறுப்புத் துணி உடுத்தி உட்கார்ந்திருந்த மாதங்களில் போன் அடித்தது. "அவர் இறந்துட்டாரும்மா" என்றாள். அந்தப் பக்கம் ஒரு பெண் பெருமூச்சு விட்டாள். "எல்லாரும் இதையேதான் சொல்றீங்க மேடம்." ஒரு வருஷம் விடவில்லை. ஒவ்வொரு தடவையும் புருஷன் சாவைப் புதிதாகச் சொல்லிச் சொல்லி அவளுக்கு நாக்கு மரத்துப்போனது. கடைசியில் சாவுச் சான்றிதழை நகல் எடுத்து அனுப்பியும் ஒரு கடைக்காரன் அடங்கவில்லை.

அதனால் செவ்வாய்க்கிழமை அந்த நம்பரைப் பார்த்ததும் அவளுக்குச் சலிப்புத்தான் முதலில் வந்தது. அந்தப் பக்கம் ஒரு பையன் குரல்.

"யோண்டெலா மபாண்ட்லா கூடப் பேசலாமா?"

நொசிபெலேயின் கை சட்டிக்கு மேலே அப்படியே நின்றது. முழுப் பெயர். கடன்காரர்கள்தான் முழுப் பெயர் சொல்வார்கள்.

"அப்படி யாரும் இல்ல."

"இது அவங்க குடுத்த நம்பர்ம்மா."

"இல்லேங்குறேன்ல." வைத்துவிட்டாள்.

குவின்யா ஒரு பக்கம் கருகியிருந்தது. அப்பனை விட்டுப் பிள்ளையைப் பிடித்துவிட்டார்கள். இத்தனை வருஷம் கழித்து மகள் படித்து முடிக்கப்போகிற நேரம் பார்த்து மோப்பம் பிடித்து வந்துவிட்டார்கள். அவளுக்கு வேறெதுவும் தோன்றவில்லை. சாயங்காலம் மறுபடி அடித்தது. ஜோபர்க் போய்விட்டாள் என்றாள். மறுநாள் மதியம், கூட்டம் கலைந்து, கழுவின சட்டியைக் கவிழ்த்துக்கொண்டிருந்தபோது மூன்றாம் தடவை. அன்றைக்கு அவளுக்கு மணிக்கட்டில் எண்ணெய் தெறித்துக் கொப்புளம் எழும்பியிருந்தது. முதுகு விட்டுப்போயிருந்தது.

"அம்மா, யோண்டெலா பத்தி ஒரே ஒரு கேள்விதான்..."

"செத்துட்டா."



"என்னம்மா சொல்றீங்க?"

"என் மக செத்துட்டா. போன வாரம். நெஞ்சுல சளி கட்டி. இனிமே கூப்பிடாதீங்க."

"ஐயோ... மன்னிச்சிருங்கம்மா. என்னோட அனுதாபங்கள். எனக்குத் தெரியாது. இனிமே யாரும் உங்களத் தொந்தரவு பண்ண மாட்டாங்க."

பையன் குரல் தழுதழுத்த மாதிரி இருந்தது. போனைப் பைக்குள் போட்டுவிட்டு அவள் கொஞ்ச நேரம் கிரேடின் மேல் உட்கார்ந்திருந்தாள். சொல்லக் கூடாத வார்த்தை. பெற்ற வாயால் சொல்லக் கூடாத வார்த்தை. பக்கத்தில் திரும்பி மூன்று தடவை துப்பினாள்.

"என்ன மாரடெபே, வயித்தப் பெரட்டுதா?" என்றாள் மாம்பெலே.

"ஒண்ணுமில்ல. எண்ணெய்ப் புகை."

ஆனால் பிள்ளையைக் காப்பாற்றிவிட்டோம் என்ற ஒரு நிம்மதியும் இருந்தது. பொய்யாகச் சொல்வானேன். அன்றைக்கு அவள் நன்றாகத் தூங்கினாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் யோண்டெலா சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாள். வாரத்தின் நடுவில் அவள் வருகிறவள் இல்லை. தலைமுடி நனைந்து நெற்றியில் ஒட்டியிருந்தது. ஷூவைக் கழற்றி வாசலில் எறிந்தாள். உள்ளே போனிசிலே மேஜையருகே உட்கார்ந்து சோற்றுக்குக் காத்திருந்தான். அடுப்பில் சோளக்குருணையும் பீன்ஸும் மத்தியானத்திலிருந்து வெந்துகொண்டிருந்தன.

"வா மகளே," என்றான். "பரீட்சை வருதுன்னு உன்னப் பாக்கவே முடியாதுன்னாங்க."

"பரீட்சை திங்கக்கெழமை சித்தப்பா. அதுக்குள்ள நான் தெருவுல நிப்பேன் போல."

"என்னடி ஆச்சு?" என்றாள் நொசிபெலே.

யோண்டெலா நாற்காலியில் தொப்பென்று விழுந்தாள். அரசாங்கம் மாணவர்களுக்குத் தரும் செலவுப்பணம் இந்தத் தடவையும் தாமதமாகி, ஒருவழியாகத் திங்கள்கிழமை அவள் கணக்கில் விழுந்தது. ரூம் வாடகையைக் கட்ட வியாழக்கிழமை காலை ஏடிஎம் மெஷினுக்குப் போனால் மெஷின் அவள் அட்டையை விழுங்கிவிட்டது.

"பேங்குக்குள்ள போனேன். அங்க ஒரு பொண்ணு என் அடையாள அட்டையப் பாத்தா, கம்ப்யூட்டரப் பாத்தா, என்னப் பாத்தா. மறுபடி கம்ப்யூட்டரப் பாத்தா. அப்புறம் மெதுவா சொல்றா, 'சிஸ்டர், நீங்க இறந்துட்டதா இருக்கு.'"

போனிசிலே வெடித்துச் சிரித்தான். மேஜை ஆடியது.

"எப்படிச் செத்தியாம்?"

"சிரிக்காதீங்க சித்தப்பா! வீட்டாள் யாரோ போன்ல சொன்னாங்களாம். கணக்கப் பூட்டி வச்சிட்டாங்க. நாளைக்கு வெள்ளிக்கெழம. சாயங்காலத்துக்குள்ள வாடகை வரலேன்னா சாமானத் தூக்கி வெளிய வைப்பேன்னு வீட்டுக்காரரு சொல்லிட்டாரு. செய்யவும் செய்வாரு. போன மாசம் பக்கத்து ரூம் பொண்ணோட மெத்தைய மழையில போட்டாரு."

நொசிபெலே அடுப்பின் பக்கம் திரும்பி நின்று குருணையைக் கிளறிக்கொண்டிருந்தாள். கிளற ஒன்றுமில்லை, அது எப்போதோ வெந்துவிட்டது.

"பேங்க்காரன் எதுக்கு நம்ம வீட்டுக்குப் போன் பண்ணான்?" என்றான் போனிசிலே. அவன் சிரிப்பு அடங்கிக்கொண்டு வந்தது.

யோண்டெலா நகத்தைக் கடித்தாள்.

"சொல்லுடி," என்றாள் நொசிபெலே, திரும்பாமல். "அவனுக்கும் உனக்கும் என்ன?"

"கிரெடிட் கார்டு கேட்டிருந்தேன்."

கரண்டி பானையில் மோதிய சத்தம் வீடு முழுக்கக் கேட்டது.

"யுனிவர்சிட்டி வாசல்ல என் பேங்க்காரங்க மேஜை போட்டிருந்தாங்க. ஸ்டூடண்ட்ஸ்க்குன்னு தனிக் கார்டு. என் போனத்தான் ஆகஸ்டுல புடுங்கிட்டுப் போயிட்டானுங்களே, அதான் உங்க நம்பரக் குடுத்தேன். கார்டு குடுக்குறதுக்கு முன்னாடி விசாரிக்க ஒரு தடவ கூப்பிடுவோம்னாங்க."

"குடை," என்றாள் நொசிபெலே.

"என்ன?"

"அந்தக் குடை. அதுக்குத்தான் குடுத்தானா?"

"ஆமா."

"ஒரு குடைக்கு வித்துட்டியே உன்ன! உங்கப்பனுக்காச்சும் மெத்த குடுத்தான், சோபா குடுத்தான். உனக்குக் குடை! கணக்குப் படிக்கிறவளாம் கணக்கு! உங்கப்பன் செத்து ஒரு வருஷம் முழுக்க நான் அந்த போனுக்குப் பதில் சொன்னேன், நீ பக்கத்துல உக்காந்து பாக்கலியா? தெரிஞ்சே போய்த் தலையக் குடுப்பியா?"

"பாத்தேம்மா. பாத்ததுனாலதான் உங்ககிட்ட சொல்லல."

"சொன்னா வெட்டியிருப்பேன்."

"அதான் சொல்லல!" யோண்டெலா எழுந்துவிட்டாள். "பணம் எப்பவும் லேட்டாத்தான் வருது. பிப்ரவரில காலேஜ் தொறந்தா ஏப்ரல்ல வருது. நடுவுல நான் என்ன திங்கிறது? ஞாயித்துக்கெழம நீங்க கட்டிக் குடுக்குற குவின்யாவ வியாழன் வரைக்கும் வச்சுத் தின்னுருக்கேன், தெரியுமா? கல்லு மாதிரி ஆயிடும். டீயில முக்கித் தின்னுருக்கேன். தெருமுனைல வட்டிக்குக் குடுக்குறவன்கிட்டப் போய் நிக்கச் சொல்றீங்களா? அவன் வட்டிக்கு என் அடையாள அட்டையையே புடிச்சு வச்சுக்குவான். இது அப்படியில்லம்மா. சின்னத் தொகை. பணம் வந்ததும் கட்டிட்டா வட்டி கூட இல்ல. நான் அப்பா இல்ல. எனக்குக் கணக்குத் தெரியும்."

"உங்கிட்ட நல்லாச் சாப்பிடுறியான்னு நான் கேக்கும்போதெல்லாம் ம்ம்னு சொன்னியே."

"வேற என்ன சொல்லச் சொல்றீங்க?"

ஊரான் பிள்ளைகளெல்லாம் நொசிபெலே கைக் குவின்யாவைச் சூடாகத் தின்றுகொண்டு டாக்சி ஏற, அவள் பெற்ற பிள்ளை அதையே கல்லாக்கித் தின்றிருக்கிறது. பானையை இறக்கி வைத்தாள். இடுப்பில் கட்டியிருந்த துணியில் கையைத் துடைத்தாள். இனி மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

"நான்தான் சொன்னேன்."

"என்ன சொன்னீங்க?"

"நீ செத்துட்டேன்னு. நேத்து. மூணாவது தடவயா கூப்பிட்டான். அப்பன் கடனுக்கு உன்னப் புடிச்சிட்டானுங்கன்னு நெனச்சேன். உன்ன விடணும்னுதான் சொன்னேன்."

யோண்டெலா மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"உங்கப்பன் நெஜமா செத்தப்போ ஒரு வருஷம் கத்துனேன், ஒருத்தன் நம்பல," என்றாள் நொசிபெலே. "உன்ன ஒரு வார்த்தை சொன்னேன். ஒரே ஒரு வார்த்தை. ஒடனே நம்பிட்டான்."

கூரைத் தகரத்தில் தூறல் விழுந்துகொண்டிருந்தது. பிறகு போனிசிலே எழுந்து தொப்பியைத் தலையில் வைத்தான். அவன் முகத்தில் சிரிப்பு துளியும் இல்லை.

"எந்திரிங்க அண்ணி. பேங்கெல்லாம் நாளைக்கு. மொதல்ல சொன்ன வார்த்தைய இங்க திரும்ப எடுக்கணும்."

"மழை பெய்யுது தம்பி."

"பெய்யட்டும். உசுரோட இருக்குற பிள்ளைய வீட்டாளே செத்ததா சொல்லிட்டு, முன்னோருங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லாமத் தூங்கலாமா? மேல இருக்குறவங்க என்ன நெனப்பாங்க? ஒருத்தி வர்றான்னு பாத்துட்டு உக்காந்திருப்பாங்க."

கேலிக்காரன் வாயிலிருந்து வந்ததால் அது அவளுக்கு இன்னும் உறைத்தது. அந்த வீட்டில் மாடு இல்லை. தெருவிலேயே மாடு இல்லை. இருந்தாலும் மொங்கேசியின் அப்பா குடிவந்தபோது பின்பக்கம் கம்பு நட்டு, முள்கிளை அடைத்துச் சிறிய மாட்டுப்பட்டி ஒன்று வளைத்திருந்தார். மாடு இல்லாத பட்டியிலும் முன்னோர்கள் இருப்பார்கள். மூவரும் அங்கே போய் நின்றார்கள். யோண்டெலா பழக்கத்தில், அம்மா கடையிலிருந்து கழற்றி வந்திருந்த குடையை விரித்துக்கொண்டு வந்தவள், சித்தப்பன் பார்த்த பார்வையில் மடக்கிச் சுவரில் சாய்த்தாள். கட்டிக்கொண்டு வந்தவள் என்பதால் நொசிபெலே பட்டிக்குள் கால் வைக்காமல் வெளியிலேயே நின்றாள். போனிசிலே அரை போத்தல் பிராந்தியைத் திறந்து மண்ணில் கொஞ்சம் ஊற்றினான்.

"ட்யோபோ குலத்தவங்களே," என்றான். பேச ஆரம்பித்ததும் அவனுக்கு அண்ணன் குரலே வந்துவிட்டது. "மொங்கேசி, நீயும் கேளு. இந்தப் பொண்ணு இங்கதான் நிக்கிறா. நனைஞ்சுட்டு நிக்கிறா. அவ உங்ககிட்ட வரல. அவ அம்மா சொன்னது பயத்துல சொன்னது. அந்த பயத்த இந்த வீட்டுக்குக் கொண்டுவந்தது நீ வாங்குன கணக்கு, அதுக்குச் சொல்லிக் குடுத்தது என் வாயி. வார்த்தைய நாங்க திரும்ப எடுத்துக்கிறோம். அவள விட்ருங்க. அவளுக்குத் திங்கக்கெழம பரீட்சை."

கடைசிச் சொல்லுக்கு யோண்டெலா களுக்கென்று சிரித்துவிட்டாள். அதற்கு யாரும் அவளைத் திட்டவில்லை. திரும்பி வந்து குருணையும் பீன்ஸும் தின்றார்கள். அம்மாவும் மகளும் ஒரே கட்டிலில், வாளியை நடுவில் வைத்துப் படுத்தார்கள். யோண்டெலா சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தூங்கிய பிறகும் நொசிபெலே அவள் மூச்சு விடுவதைக் கேட்டபடி விழித்துக் கிடந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை கடையைப் போனிசிலேயின் பொறுப்பில் விட்டுவிட்டு இருவரும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார்கள். எதற்குச் சத்தியப் பத்திரம் எழுத வேண்டுமென்றாலும் போலீஸ் ஸ்டேஷன்தான். முத்திரை அங்கேதான் இருக்கிறது. கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு கான்ஸ்டபிள் அம்மாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"உசுரோட இருக்கேன்னு எழுதணுமா? அதான் எதுருல நிக்கிறியேம்மா."

"பேங்குக்கு அது பத்தாதுங்க."

"சரிதான்," என்று அவள் முத்திரையை ஓங்கி அடித்தாள். "எனக்கும் சில நாள் இப்படி ஒண்ணு தேவைப்படுது."

பேங்கில் யோண்டெலா முந்தின நாள் பார்த்த அதே பெண். காகிதத்தை வாங்கி ஸ்கேன் செய்துகொண்டாள். அனுதாபமாகத்தான் பேசினாள். "பூட்டுனது தலைமை ஆபீஸ். அவங்கதான் தொறக்கணும். இறந்துட்டாங்கன்னு எந்த நம்பர்ல சொன்னாங்களோ, அதே நம்பருக்கு இன்னைக்கே கூப்பிடுவாங்க. சொன்னவங்களே எடுத்து இல்லேன்னு சொல்லணும். எடுக்கலேன்னாலோ, அவங்களுக்கு சந்தேகம் வந்தாலோ, உள்துறை ஆபீஸ்ல சான்றிதழ் வாங்கி வரணும். அதுக்கு வாரக்கணக்குல ஆகும்."

"எந்த நம்பர்லேருந்து வரும்?" என்றாள் நொசிபெலே, தெரிந்துகொண்டே.

"பூஜ்யம் எட்டு ஏழும்மா."

ஸ்டாண்டுக்குத் திரும்பியபோது போனிசிலே ஈரலைத் தீய்த்து வைத்திருந்தான். டிரைவர்கள் அவனைச் சுற்றி நின்று கலாய்த்துக்கொண்டிருந்தார்கள். "மாரடெபே, இவன திரும்பக் கிட்டங்கி வாசலுக்கே காவலுக்கு அனுப்பு! இவன் போட்டத நாய் மோந்து பாத்துட்டுப் போயிடுச்சு!" யோண்டெலா கைகளைக் கழுவிக்கொண்டு மாவைக் கிள்ளி உருட்ட ஆரம்பித்தாள். ரூமுக்குப் போய்ப் படிக்கலாம். ஆனால் போன் இங்கே இருக்கிறது. நொசிபெலே போனை மாவுப் பையின் மேல், கண்ணில் படும்படி வைத்தாள். சத்தம் போதுமா என்று இரண்டு தடவை பார்த்தாள். இத்தனை வருஷத்தில் இந்த நம்பருக்காக அவள் காத்திருந்தது இதுதான் முதல் தடவை.

மத்தியானச் சாப்பாட்டுக் கூட்டம் வந்தது, போனது. மாம்பெலே இரண்டு ஆரஞ்சு கொடுத்தாள், யாரும் உரிக்கவில்லை. வீட்டுக்காரர் இந்நேரம் ரூம் சாவியைத் தேடிக்கொண்டிருப்பார் என்றாள் யோண்டெலா. பேச்சு அதோடு நின்றது.

போன் அடித்தபோது நொசிபெலேயின் கை தானாகவே சிவப்புப் பொத்தானுக்குத்தான் போனது. யோண்டெலா "அம்மா!" என்று அலறினாள். நொசிபெலே பச்சையை அழுத்தினாள்.

இந்தத் தடவை ஒரு பெண் குரல். வயசானவள் மாதிரி இருந்தது. களைத்த குரல்.

"யோண்டெலா மபாண்ட்லா இறந்துட்டாங்கன்னு இந்த நம்பர்லேருந்துதான் சொன்னாங்களா?"

"ஆமா. நான்தான் சொன்னேன். நான் அவளப் பெத்தவ. பொய் சொல்லிட்டேன்."

"பொய்யா?"

"பொய். கடன்காரங்கன்னு நெனச்சுட்டேன். அவ உசுரோட இருக்கா."

கொஞ்ச நேரம் எதையோ தட்டுகிற சத்தம். "புரிஞ்சுக்குங்கம்மா. செத்தவங்க பணத்த எடுக்குறதுக்காக உசுரோட இருக்காங்கன்னு சொல்றவங்களும் உண்டு. நான் எப்படி நம்புறது?"

பொய்க்கு நொசிபெலேயிடம் எல்லாம் இருந்தது; போன வாரம், நெஞ்சுச் சளி, எல்லாம் கேட்குமுன் வாயில் வந்தது. மெய்க்கு என்ன சொல்வது? எதிரே மகள் மூக்கு நுனியில் மாவோடு நிற்கிறாள். அதைப் போனில் எப்படிக் காட்டுவது?

"நேத்து சாயங்காலம் வந்தா," என்றாள். "நனைஞ்சுட்டு வந்தா. ஷூவ வாசல்லயே வீசிட்டா, அத நான்தான் எடுத்து அடுப்புப் பக்கத்துல காயவச்சேன். என்கிட்ட சண்ட போட்டா. சண்ட போட்டுட்டு ரெண்டு தட்டு சாப்பிட்டா. தூங்கும்போது எனக்கு முதுகக் காட்டிட்டுப் படுத்தா. விடியக்காலைல போர்வைய முழுசா அவளே இழுத்துக்கிட்டா. வேற என்ன சொல்ல? இப்ப என் எதுருல நிக்கிறா. உருட்டத் தெரியாம உருட்டுறா. ஒண்ணு பெருசு, ஒண்ணு சிறுசு."

அந்தப் பெண் அலுவலகப் பேச்சை விட்டுவிட்டு, ஊர்ப் பேச்சில் கேட்டாள்.

"நீங்க எந்தக் குலம்மா?"

"ரடெபே."

"எங்கம்மாவும் ரடெபேதான்," என்றாள். மறுபடி தட்டினாள். பிறந்த தேதி கேட்டாள், தகப்பன் பெயர் கேட்டாள், அடையாள எண்ணை யோண்டெலாவிடமே கேட்டு வாங்கினாள். "சரி. போலீஸ் முத்திரையும் வந்திருக்கு. கணக்கத் தொறந்துட்டேன். இப்பவே பணம் எடுத்துக்கலாம். புது அட்டைய பேங்க்ல குடுப்பாங்க. இனிமே இந்த வார்த்தைய வாயால சொல்லாதீங்க மாரடெபே."

"சொல்ல மாட்டேன்."

மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த போனிசிலே வானத்தைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினான். யோண்டெலா மாவுக் கையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். நொசிபெலே கிரேடில் உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னொண்ணு," என்றாள் அந்தப் பெண். "கிரெடிட் கார்டுக்கு ஒரு விண்ணப்பம் இருக்கு. நீங்க சொன்னதுனால பாதியில நின்னுபோச்சு. அத என்ன பண்ணட்டும்? வேணாம்னா நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க போதும், இப்பவே மூடிடறேன்."

நொசிபெலே தலைக்கு மேலே விரிந்திருந்த ஊதாக் குடையைப் பார்த்தாள். ஒரு வார்த்தை போதும். இந்தப் பொம்பளை அவள் சொல்வதை நம்புவாள். சொல்லிவிட்டு, பேங்க்காரனே மறுத்துவிட்டான் என்று மகளிடம் சொல்லிவிடலாம். மகளுக்குத் தெரியவே தெரியாது. மொங்கேசி சோபாவில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டு சிரித்தது ஞாபகம் வந்தது. கல்லாகிப்போன குவின்யாவை டீயில் முக்கித் தின்கிற பிள்ளையும் கண்முன் வந்தாள். அந்தக் கார்டு நல்லதா கெட்டதா என்று அவளுக்கு அந்த நிமிஷம் வரை தெரியவில்லை. பயம் மட்டும் அப்படியேதான் இருந்தது.

"அம்மா? கேக்குதா?"

"கேக்குது," என்றாள் நொசிபெலே. "என்கிட்ட எதுக்குக் கேக்குறீங்க? அவகிட்டயே கேளுங்க. அவதான் உசுரோட இருக்காளே."

போனை மகளிடம் நீட்டிவிட்டு, சட்டியில் கருகத் தொடங்கிய குவின்யாவைத் திருப்பிப் போட்டாள்.